கோடித் துண்டு

பிணத்துக்குக் காவல் உட்காருகிறவனுக்கு முதல் வேலை ஈ ஓட்டுவது. திருப்பதி வேப்பங்கொத்தை ஒடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து வெகுநேரமாகியும் அந்த வேலை வரவில்லை. கட்டுமாவடிக்குத் தெற்கே அந்தச் சேற்றுக் கரையில், கருவாடு காயும் வாடைக்கே ஈ அப்பிக்கொள்ளும். அவன் முழங்கையில், காது மடலில், மூக்கு நுனியில் என்று ஈக்கள் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டுதான் இருந்தன. எதிரே கிடந்த பிணத்தின் மேல் ஒன்றுகூட இல்லை.

நல்லதாகப் போயிற்று என்றுதான் முதலில் நினைத்தான். அரசாங்க வேலையில் வேலை குறைந்தால் யார் வருத்தப்படுவார்கள்?

கிராம உதவியாளர் என்பது உத்தரவில் உள்ள பெயர். ஊருக்கு அவன் தலையாரி. தகுதி, அஞ்சாம் வகுப்பு. தமிழ் எழுதப் படிக்கத் தெரியவேண்டும், உள்ளூர்க்காரனாக இருக்கவேண்டும், சைக்கிள் ஓட்டிக் காட்டவேண்டும். தாலுகா ஆபீஸ் வாசலில் அவன் தடுமாறித் தடுமாறி ஓட்டியதற்கு மகள் ஹேமா ஒருத்திதான் கைதட்டினாள். அடையாளம் தெரியாத பிணம் கரை ஒதுங்கினால் என்ன செய்வாய் என்று நேர்முகத்தில் கேட்டார்கள். மேலே தகவல் சொல்லிவிட்டு, போலீஸ் வரும்வரை கண்ணை எடுக்காமல் காவல் இருப்பேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். பயப்படுவாயா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

பிணத்தைப் பார்த்துச் சொன்னவன் வலைக்காரக் கருப்பன். திருப்பதி வந்து சேர்ந்தபோது பிணம் கண்ணைத் திறந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. நாற்பது வயது இருக்கும். யார் பெற்ற பிள்ளையோ என்று மனசு இளகிப் போய், ஜமாபந்தித் தணிக்கைக்குத் தோளில் போட்டுக்கொண்டு மிடுக்காக நிற்க அன்று காலையில்தான் வாங்கியிருந்த பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துண்டை உதறி முகத்தில் போர்த்தினான்.

கருப்பன் முகம் மாறியது.

"என்னண்ணே, தண்ணி படாத புதுத் துணியவா போட்டீங்க?"

"ஈ மொய்க்கும்லப்பா."

"ஒடம்பொறந்தவுக போட வேண்டிய கோடிண்ணே அது. போட்டவுக சொந்தமாயிருவாக."

திருப்பதிக்குப் பயம் வந்தால் வாய் சும்மா இருக்காது. அண்ணன் இல்லாத குறை தீர்ந்தது என்று சிரித்துவிட்டு, பிணத்தைப் பார்த்துக் கும்பிடு போட்டான். "அப்பறம் என்னண்ணே, ஒண்ணுக்குள்ள ஒண்ணாயிட்டோம். வீட்டுக்கு வாங்க. எம் பொண்டாட்டி செவந்தி மீன் கொழம்பு வச்சிருக்கா. ஒங்க மக ஹேமாவையும் பாத்த மாதிரி இருக்கும்."

கருப்பன் சிரிக்கவில்லை. வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனான்.

வெயில் இறங்கியது. தூரத்தில் ஐஸ் பிளாண்டின் உறுமல் காற்றில் கூடிக் கூடிக் குறைய, நண்டு வளைகளில் சேறு சின்னச் சின்னதாக வாய் திறந்து மூட, டீசல் வாடையும் அழுகிய பாசி வாடையும் மாறி மாறி வந்து முகத்தில் மோத, திருப்பதி துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய்க்கு நேராக அதில் ஓர் ஈரம். முதலில் காசு அகலம்தான் இருந்தது. தண்ணீரில் கிடந்த உடம்பு, கசியத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கை அகலம். அதன் நடுவே துணி லேசாகப் பள்ளம் விழுந்து, எழுந்தது.

காற்றுதான்.

வேப்பங்கொத்து அசையவில்லை.

செல்போன் அடித்தது. கீழே பேச்சு விட்டுவிட்டுத்தான் கேட்கும்; சிக்னல் கரைமேட்டுப் பனைமரத்தடியில்தான் சரியாகக் கிடைக்கும். அந்தச் சாக்குக் கிடைத்ததே என்று ஓட்டமாக ஏறினான். பேசியது வி.ஏ.ஓ. ரகுநாத். ஜெகதாப்பட்டினத்தில் ஏதோ தகராறாம், போலீஸ் அங்கே போயிருக்கிறது, வர இருட்டிவிடும். அதுவரை அங்கிட்டு இங்கிட்டு நகரக் கூடாது. நாய் நரி இழுத்துக்கொண்டு போனால் வேலை போய்விடும் என்றார்.

சரி சார் என்றான். ஆனால் கால் கீழே இறங்க மறுத்தது. மேட்டில் இருந்தும் காவல்தானே என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, கூப்பிடு தூரத்தில் தெரியும் தன் வீட்டு விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

பின்னால் சேற்றில் சளப் என்று ஒரு சத்தம்.

நண்டு.

மறுபடியும். நிதானமாக. கால் புதைந்து, கால் பிடுங்கி, கால் புதைந்து. மேடு ஏறியது. அவனுக்கு இடப்பக்கமாக உப்பு வாடை ஒன்று நெருங்கி வந்து, நின்று, கடந்து போனது. அவன் தோளில் உட்கார்ந்திருந்த ஈக்கள் மொத்தமாக எழுந்து பறந்தன.

காவலுக்கு வந்தவன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான்.

செல்போன் மறுபடி அடித்தபோது முழுக்க இருட்டியிருந்தது. செவந்தி.

"எங்க இருக்கீங்க? ஒங்க அண்ணன் வந்திருக்காக."

"எந்த அண்ணன்?"

"எனக்கும் தெரியலதான். நீங்கதான் வரச் சொன்னீங்கன்னாக. தொப்பலா நனைஞ்சிருக்காக, தொடச்சுக்கங்கன்னு துணி குடுத்தா வேணாம்னுட்டாக. தோள்ல புதுத் துண்டு போட்டிருக்காக, பச்சைக் கரை. பாப்பா ஒட்டிக்கிருச்சு, பெரியப்பா மடிய விட்டு எறங்கல. அடுப்புல கொழம்பு கொதிக்கிது, சீக்கிரம் வாங்க. ஆமா, ஒரு அதிசயம் கேளுங்க, அவுக வந்ததுல இருந்து வீட்டுல ஒரு ஈ இல்ல."

திருப்பதி திரும்பிப் பார்த்தான். இருட்டிலும் அந்த வெள்ளைத் துண்டு தெரியவேண்டும்.

தெரியவில்லை. சேற்றில் ஆள் நீளத்துக்கு ஒரு பள்ளம். அதில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

ஓடினான். செருப்பு போனது. கருவை முள் ஏறியது. வேலை, போலீஸ், வி.ஏ.ஓ., எதுவும் நினைவில் இல்லை. ஹேமா. ஹேமா மட்டும்.

வாசல் நிலைக்கு வெளியே ஈக்கள் கருந்திரையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றும் உள்ளே போகவில்லை.

அடுப்படியில் இருந்து செவந்தியின் குரல் வந்தது. "வந்துட்டீங்களா? மெதுவா வாங்க, புள்ள தூங்கிருச்சு. ஈ மொய்க்கும்னு ஒங்க அண்ணன்தான் போத்திவிட்டாக."

கூடத்தில், விளக்குக்கு அடியில், சொட்டச் சொட்ட நனைந்தவன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். திறந்த கண் மூடவில்லை. மடியில் ஹேமா நீட்டிப் படுத்திருந்தாள். அவள் முகத்தின் மேல் பச்சைக் கரைத் துண்டு.

வாய்க்கு நேராக அதில் காசு அகலத்துக்கு ஓர் ஈரம். மெல்ல விரிந்தது.

துணி அசையவில்லை.