படகில் ஏறிய பாரம்

பனிமூட்டம் கலையாத பிற்பகலில் லியோன்டீன் படகில் சதுப்புக் காட்டுக்குள் வந்து சேர்ந்தாள். காலையிலிருந்து மரங்களை ஆய்வு செய்ய வந்ததில் இது மூன்றாவது இடம். இடுப்பு விட்டுப்போயிருந்தது. அமெரிக்காவில், லூசியானாவின் தென்கோடியில் இந்தச் சைப்ரஸ் மரங்களுக்குப் பின்னால்தான் அவள் அம்மாவின் வீடு. புயல் நாளில் கடலுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே நிற்பவை இவை மட்டுமே.

கையில் மரக் கம்பெனியின் தாள். ஒரே கேள்வி: வெட்டினால் மறுபடி முளைக்குமா? ‘ஆம்’ என்று கையெழுத்துப் போட்டால் மொத்தக் காடும் மரத்தூளாகி, யார் யாருடைய பூந்தொட்டிகளிலோ மண்ணை மூடப் போய்விடும். ‘இல்லை’ என்றால் அவள் வேலை போய்விடும். “உள்ளூர்ப் பொண்ணு, அதுவும் படிச்ச பொண்ணு. உன் கையெழுத்துக்குத்தான் மதிப்பு” என்று மேலாளர் இளித்தபோதே அறைந்திருக்க வேண்டும். குடும்பத்தின் முதல் பட்டதாரி இப்படி விலைபோகத்தானா படித்தாள்?

“என்ன காலேஜு, மரத்தப் பாக்குறியா, தூங்குறியா?” படகைக் கழியால் தள்ளிக்கொண்டிருந்த ஓவீத் சீண்டினான். சித்தி மகன்.

“வாய மூடிட்டுத் தள்ளுடா.”

ஒரு மரக்கன்றுகூடத் தென்படவில்லை. சைப்ரஸ் விதை முளைக்க ஒரு கோடையாவது தரை காய வேண்டும். எண்ணெய்க் கிணறு தோண்ட வந்தவர்கள் கால்வாய் வெட்டியதிலிருந்து இங்கே தரை காய்ந்ததே இல்லை. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

அழுகிய இலை நாற்றத்தினூடே புதிதாக வெட்டிய மரத்தின் வாசம் வந்தது. கூடவே, ஆண்களின் வியர்வை.

தவளைகள் அடங்கின.

டொக். டொக்.

“மரங்கொத்தியா?”

ஓவீத் சிரிக்கவில்லை. “கோடாலி. அந்தக் காலத்துல வெட்ட வந்து, மரத்தோட மரமா முங்கிப் போனவங்க. மரம் நிக்கிற வரைக்கும் இந்தக் காட்டத் தாண்டி வர மாட்டாங்களாம்.”

பயப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. வீட்டுக்குப் போனால் போதும். தாளை முழங்காலில் வைத்து ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

கோடாலி நின்றது.

படகு அழுந்தியது.

விளிம்புக்கு ஒரு விரல் கீழே தண்ணீர். ஓவீத்தின் கழி வளைந்தது. “என்னத்தடி ஏத்துன?” என்று கிசுகிசுத்தான். “அடிச்சிடு. எழுதுனத அடிச்சிடு!”

தாள் கிழியக் கிழிய அடித்தாள்.

பாரம் குறையவில்லை.

அம்மா வீட்டுப் படகுத்துறைக்கு வந்து சேர இருட்டத் தொடங்கிவிட்டது. இருவரும் கரையில் குதித்தார்கள். ஆளில்லாத படகு மிதந்தெழவில்லை. அப்படியே அழுந்திக் கிடந்தது.

பிறகு படகு ஒரு விரல் அளவு உயர்ந்தது.

சற்றுப் பொறுத்து, இன்னும் ஒரு விரல்.

இன்னும் ஒன்று.

ஓவீத் அவள் கையைப் பிடித்தான். மேலே சமையலறைச் சன்னல் திறந்தது. கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்த அம்மா, சலிப்போடு சத்தம் போட்டாள்:

“ஏண்டி, இத்தன பேரக் கூட்டிட்டு வரேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, இன்னும் கொஞ்சம் அரிசி போட்டிருப்பேன்ல?”