விலக்கு இல்லாத வட்டம்

ஜனவரி ஒன்பதாம் தேதி காலை ஏழேகாலுக்கு, நாற்பத்தோராம் எண் குஞ்சறி மிதவை பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியது. அமலோற்பவம் அப்போது கல்லறைத் தோட்டத்தில், கணவன் சந்தியாகுவுக்காக வெட்டிய குழியின் ஓரத்தில் நின்றிருந்தாள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் புயலில் மூழ்கிய அவனுடைய வள்ளத்தை, முந்தின வாரம்தான் முக்குளிப்பவர்கள் அறுபதடி ஆழத்தில் கண்டுபிடித்திருந்தார்கள். எஞ்சின் அறைக் கதவு நெளிந்து இறுகிக் கிடந்தது. நெம்பிய இடுக்கில் விளக்கை விட்டுப் பார்த்தபோது, எலும்புகளும் ஒரு செபமாலையும் தெரிந்தன. அன்று பகலில் வள்ளத்தைத் தூக்க ஏற்பாடாகியிருந்தது.

மகள் இருதயா கைப்பேசியோடு ஓடி வந்தாள். "ம்மா, மிதவை செவந்துட்டாம். தூக்கப் போன படகு எஞ்சின் அணைஞ்சு நிக்குதாம்."

குஞ்சறி மிதவைக்குக் கண் கிடையாது. நாக்கு உண்டென்று சொல்லலாம். நிமிடத்துக்கொரு முறை கடல்நீரை உறிஞ்சி, மீன்குஞ்சுகள் உதிர்க்கும் நுண்செதில்களைத் தேடும். இருந்தால் சிவக்கும். குஞ்சுகள் ஒதுங்கிய இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு வட்டம் விழும். அதைத் தொடும் எஞ்சின் தானே அணையும். திரும்பிப் போவதானால் மட்டும் உயிர் பெறும். துடுப்புப் போட்டுப் போனாலும் குற்றம். யாரிடமும் கெஞ்ச முடியாது, யாரையும் சரிக்கட்டவும் முடியாது. மீன் உறைவிடக் காப்புச் சட்டம் வந்த ஆறு ஆண்டுகளில் செத்த கடலுக்கு மீன் திரும்பியது இதனால்தான்.

அலுவலகத்தில் உறைவிட அலுவலர் வேல்மயில் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"உக்காருங்கக்கா."

"உக்கார வரல தம்பி. ஒரு மணி நேரம் போதும். கதவ வெட்டி அவியள மட்டும் எடுத்துக்கிடுதோம். வள்ளத்த மீனே வச்சுக்கிடட்டும்."

"கதவு இறுகியிருந்தவரைக்கும் மிதவைக்கே தெரியலக்கா. நெம்புனதுலதான் செதிலு வெளிய வந்துருச்சு. உள்ள பூராவும் கலவா மீன் குஞ்சு." சட்டப் புத்தகத்தில் ஒன்பதாம் பிரிவைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். 'எக்காரணம் கொண்டும், எவருக்கும் விலக்கு இல்லை.'

வரைவில், 'சிறப்பு நேர்வுகளில் அனுமதிக்கலாம்' என்றுதான் இருந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து அந்த வரியை நீக்க வைத்தவள் அமலோற்பவம். "இழுவைமடிக்காரவியளுக்கு தெனமும் சிறப்பு நேர்வுதான் சார். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு" என்று அவள் சொன்னதும் மண்டபமே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் சந்தியாகு. அன்று மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்த எழுத்தர்தான் இந்த வேல்மயில்.

அவள் புத்தகத்தை மூடினாள். "குஞ்செல்லாம் என்னைக்குப் போவும்?"

"ஒதுங்க வேற எடம் இருந்தா போகும். அடிக்கடல அந்தக் காலத்துலயே இழுவைமடி போட்டு வழிச்சுட்டாங்களே. பத்து மைலுக்கு உங்க வள்ளம் ஒண்ணுதான் வீடு."

"அப்ப வேற வீடு கட்டிக் குடுப்போம்."

பிப்ரவரியில் தொடங்கினார்கள். அறுபது பெண்கள் கடற்கரையிலேயே மீன்குஞ்சுகள் ஒதுங்க, கிணற்று உறை போல முந்நூறு சிமெண்டு உறைகளை வார்த்தார்கள்.

"என் மருமவனுக்குக்கூட இப்படி வீடு கட்டிக் குடுக்கல" என்றாள் பக்கத்து வீட்டுத் தெரசம்மாள். "மாடி கீடி கேக்குமா அமலி?"

"மாடி வேண்டாம். வாசல் மட்டும் ரெண்டு வையி. பெரிய மீனு முன்னால வந்தா பின்னால ஓடணும்லா."

ஏப்ரலில் உறைகளை வட்டத்துக்கு வெளியே, கரைப்பக்கமாக இறக்கினார்கள். அமலோற்பவம் கல்லறைத் தோட்டத்துக் குழியை மூடச் சம்மதிக்காமல், அதன்மேல் ஒரு தகரத்தைப் போட்டு வைத்தாள்.

ஆகஸ்டில் வேல்மயில் வீட்டுக்கே வந்தார். நல்ல செய்தியைச் சொல்ல வந்தவரின் முகமாக இல்லை.

"உறைக்குள்ள எல்லாம் குஞ்சு நெறைஞ்சிருக்குக்கா. இவ்வளவு வரும்னு நாங்க நெனக்கவேயில்ல."

"வள்ளத்துல?"

"அங்கேயும் கூடியிருக்கு." கைப்பேசியில் கடல் வரைபடத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். "இப்ப உறையச் சுத்தியும் வட்டம் விழுந்துருச்சு. ரெண்டும் சேந்து ஒண்ணாயிருச்சு. வள்ளம் நடுவுல."

இருதயா சமையலறையிலிருந்து வந்தாள். "எங்கம்மா வழி தொறக்கத்தான பாடுபட்டா? அதுக்கும் பூட்டு போட்டுட்டியளா?"

"அவரு போடல" என்றாள் அமலோற்பவம். "நாந்தான் போட்டேன்."

மற்ற ஊர்களும் உறை இறக்கக் கற்றுக்கொண்டன. குஞ்சுகள் பெருகப் பெருக வட்டமும் பெருகியது. இப்போது ஊர் வள்ளங்கள் எல்லாம் வடக்கே ஓடைவாய் வழியாகச் சுற்றித்தான் கடலுக்குப் போகின்றன. வலை நிறைகிறது; யாருக்கும் குறையில்லை. அமலோற்பவத்துக்குப் பாராட்டு விழாவும் நடந்தது.

ஆண்டுதோறும் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். ஊரார் மெழுகுவர்த்தியோடு தோட்டத்துக்குப் போக, தாயும் மகளும் செவ்வந்தி மாலையோடு கடலுக்குப் போனார்கள். முதல் வருடம் எஞ்சின் அணைந்த இடத்திலிருந்து கோயில் கோபுரம் விரல் உயரம்தான் தெரிந்தது. மறு வருடம் கோபுரத்தின் சன்னல்கள் தெரிந்தன. இந்த வருடம் கரையோரம் அலை உடையும் அலைவாயைத் தாண்டியதும் எஞ்சின் நின்றுவிட்டது. கரையில் நிற்பவர்களின் முகம்கூடத் தெரிந்தது.

"போன வருஷம் அப்பாக்கு இன்னும் கொஞ்சம் கிட்டப் போனோம்லாம்மா" என்றாள் இருதயா.

அமலோற்பவம் குனிந்து பார்த்தாள். அவர்கள் வந்த வள்ளத்தின் நிழலில், விரல்நீளக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக ஒதுங்கி நின்றன. அவற்றின்மேல் விழாதபடி தள்ளி, மாலையைத் தண்ணீரில் விட்டாள்.

அவர்கள் வள்ளத்தைத் திருப்பி முடிக்குமுன் அலை மாலையைக் கரையில் சேர்த்திருந்தது.