மூன்று தடவை கூப்பிட்டால்

இலக்கியாவின் வீட்டு வைஃபையில் இருப்பவை மூன்றே மூன்று: அவளுடைய லேப்டாப், அவளுடைய போன், கூடத்து டிவி. கணவன் ரகுநாத்தின் போன் காலையிலேயே அவனோடு திருச்சி பஸ் ஏறிவிட்டது. ஆனாலும் திரையில் நான்காவதாக ஒரு வரி வந்து உட்கார்ந்திருந்தது.

கீரனூரில் உச்சி வெயில். மின்விசிறி சூட்டையே சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டிருக்க, பின்கட்டிலிருந்து காய வைத்த புளியின் வாசமும், அதற்கடியில் வெகுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தாற்போல் ஓர் ஈர வாசமும் வந்துகொண்டிருந்தன. கூடத்தில் ஐந்து வயது மகள் சுடர்விழி இவளுக்கு முதுகு காட்டிப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். காலை ஆட்டும்போதெல்லாம் கொலுசு சிணுங்கியது. அறைத் தரையில் சம்மணமிட்டு, லேப்டாப்பை முக்காலியில் வைத்துக்கொண்டு, இலக்கியா அந்த வரியையே பார்த்தாள்.

வேலை சாதாரணமானதுதான். கம்பெனி கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்க்கும் ஒருவனின் ஐபி எண்ணை, அதாவது இணைய முகவரியை, இணையத்தில் ஒரு சேவையிடம் கேட்டால், அவன் நல்லவனா திருடனா, அவனைப் பற்றி யார் என்ன புகார் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடும். நிமிடத்துக்கொரு தடவை தானாகக் கேட்க அவள் பைத்தான் நிரல்மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள். சோதித்துப் பார்க்க வீட்டு வைஃபையில் இருப்பவற்றின் முகவரிகளையே கொடுத்தாள். பதில் வராவிட்டால் மறுபடி கேட்கும். மொத்தம் மூன்று தடவை.

மூன்று என்று போட்டது ஊர்ப்பழக்கம். உச்சி நேரத்தில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் குரலுக்கும் இரண்டாம் குரலுக்கும் பதில் சொல்லக்கூடாது. மூன்றாம் தடவை மனுசர்தான் கூப்பிடுவார்கள், மற்றது கூப்பிடாது. பாதி நம்பிக்கையும் பாதி விளையாட்டுமாக மகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பிள்ளை விரல் விட்டு எண்ணிக் காத்திருக்கும். மூன்றாவதற்குத்தான் "வாரேன்மா" என்று ஓடிவரும்.

நான்காவது வரிக்கு முதல் தடவை பதில் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை, புகார் எழுதும் இடத்தில், தமிழில் ஒரே சொல்.

வாரேன்.

கூட வேலை பார்க்கும் ரம்யாவுக்குப் போன் போட்டாள்.

"வீட்டுக்குள்ள இருக்க அட்ரஸ வெளிய எதுக்குடி கேட்ட? அது எல்லா வீட்டுலயும் இருக்க நம்பரு. ஒன் வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்கு எப்புடித் தெரியும்? பதிலே வராது."

"வந்திருக்குடி."

"யாரு எழுதுனதுன்னு போட்டிருக்கா?"

பார்த்தாள். பெயர் இருக்கவேண்டிய இடத்தில், 'மூணு தடவ கூப்பிட்டீங்களே' என்று இருந்தது.

போன் கையிலிருந்து நழுவியது. ஸ்கிரிப்டை நிறுத்தும் பொத்தான்களை அழுத்தினாள். நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே எட்டி, சுவரோரம் இருந்த மோடத்தின் வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. திரையில் அடுத்த வரி வந்தது.

வந்துட்டேன்.

"சுடரு."

பின்கட்டிலிருந்து. இலக்கியாவின் குரல். அதே இழுப்பு, அதே செல்லம். இலக்கியாவின் வாய் மூடியிருந்தது.

கூடத்தில் மகள் எழுந்து உட்கார்ந்தாள். பின்கட்டுப் பக்கம் பார்த்தாள். பதில் சொல்லவில்லை, கெட்டிக்காரி. ஒரு விரலை நீட்டினாள்.

"சுடரு."

இரண்டாவது விரல்.

இலக்கியா எழ முயன்றாள். காலையிலிருந்து மடக்கியிருந்த கால்கள் மரத்துப்போயிருந்தன. குப்புற விழுந்தாள். பிள்ளையைப் பிடிக்க வேண்டும். எட்டாது. அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"சுடரு!"

மூன்றாவது விரல் நீண்டது.

ஐயோ, மூன்றாவதாகக் கூப்பிட்டது தான்தான் என்று உறைத்தபோது, "வாரேன்மா" என்றபடி பிள்ளை பின்கட்டுக்குள் ஓடியிருந்தது. கொலுசுச் சத்தம் நாலு எட்டு கேட்டது. ஐந்தாவது எட்டு கேட்கவில்லை.

இலக்கியா தவழ்ந்து போனாள். பின்கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது. சாக்கில் புளி காய்ந்துகொண்டிருந்தது. தரையில் ஒற்றைக் கொலுசு கிடந்தது. எடுத்தாள். நனைந்திருந்தது. மகளைக் கூப்பிட வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது.

அறைக்குள் லேப்டாப் மினுங்கியது. ஐந்தாவதாக ஒரு முகவரி. ஸ்கிரிப்ட் கேட்டது. பதில் இல்லை. மறுபடி கேட்டது. பதில் இல்லை.

மூன்றாம் தடவை.

வாரேன்மா.

திரையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். வாசலைப் பார்த்தாள். பின்கட்டைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. ஒரு நிமிடம் ஆனது. ஸ்கிரிப்ட் மறுபடி கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

இங்க இருக்க அம்மா விட மாட்டேங்குது.