எறும்புப் பைக்கு வந்த திட்டு

போனில் வந்த முதல் திட்டு ஒரு பெயின்டருடையது.

"ஏம்மா, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா? ஏணி மேல நிக்கிறேன், பையோட வார் பட்டுனு அறுந்து போச்சு! பிரஷ், டப்பா எல்லாம் கீழ நின்னவர் தலையில. அவர் யாரு தெரியுமா? வீட்டுக்காரர்! பச்சை பெயின்ட்! மனுஷன் கிளி மாதிரி நிக்கிறார்!"

குரல் பதிவு முடிந்தது. வாயாடி சிரிப்பை அடக்க முடியாமல் துணி மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அம்மா சிரிக்கவில்லை. "நம்ம பையா? வார் அறுந்துச்சா?" என்று தையல் மெஷினை விட்டு எழுந்தே விட்டாள்.

வாயாடி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு வேறு பெயரும் உண்டு. வகுப்பு டீச்சரே அதை மறந்துவிட்டார்.

அம்மா வேலையாட்களுக்குக் கருவிப் பை தைப்பவள். முரட்டுக் கித்தான் துணியில், சுத்தியலும் ஸ்பேனரும் போட்டாலும் தாங்குகிற பை. கேட்டவுடன் தைத்துவிட மாட்டாள். "எந்தத் தோள்ல மாட்டுவீங்க? ரொம்ப கனமானது எது? குனிஞ்சு செய்யற வேலையா, ஏறிச் செய்யற வேலையா?" என்று விசாரித்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பாள்.

கடை இணையத்தில் இருந்தது. பெயர் 'எறும்புப் பை'. தன்னைவிடப் பெரிய சுமையைத் தூக்குகிறது அல்லவா எறும்பு, அதனால்.

அம்மாவின் தம்பி, அதாவது மாமா, பைகளைக் கட்டி அனுப்புவார். போனில் வரும் செய்திகளுக்குப் பதில் சொல்வது வாயாடியின் வேலை.

கடை தொடங்குவதற்கு முன் அம்மா ஓர் ஆலையில் தைத்தாள். வாயாடி எழும் முன்பே போய், அவள் தூங்கிய பிறகு வருவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கக் கிடைக்கிற அம்மா. இப்போதோ பள்ளி விட்டு வந்தால் தெருவிலேயே மெஷின் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் வாயாடிக்குப் பசியே எடுக்கும்.

பெயின்டர் படமும் அனுப்பியிருந்தார். பையின் மேல் 'எறும்புப் பை' என்று பெரிதாக அச்சடித்திருந்தது.

அம்மா ஒரே பார்வைதான் பார்த்தாள். "இது நான் தைச்சதில்ல."

தேடிப் பார்த்தார்கள். இணையத்தில் இன்னொரு கடை முளைத்திருந்தது. அதே பெயர், அதே நிறம், விலை மட்டும் பாதி. பக்கத்தில் ஓர் எறும்புப் படம். அதற்கு எட்டுக் கால்.

"இது எறும்பு இல்ல, சிலந்தி" என்றாள் வாயாடி.

அந்தக் கடைக்குப் போன் நம்பர் இல்லை. செய்தி அனுப்பினால், 'நன்றி, மீண்டும் வருக' என்று தானாகவே ஒரு பதில் வந்தது.

அதன்பின் திட்டுகள் வரிசை கட்டி வந்தன. தோட்டக்காரர் ஒருவர், "எறும்புன்னு பேரு எதுக்கு? கொசுன்னு வெச்சிருக்கலாம்! ஒரு மண்வெட்டி தாங்கலையே!" என்று கத்தினார்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "பேரை எடுத்துக்கிட்டவன் திட்டையும் சேர்த்து எடுத்துக்க வேண்டியதுதானே? அதை மட்டும் நமக்குத் தள்ளி விடுறான்! எல்லாத்தையும் அழிச்சிடு வாயாடி. கேட்டா காது வலிக்குது."

வாயாடி அழிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும், 'அது எங்கள் பை இல்லை, ஐயா' என்று எழுதி அனுப்பினாள்.

ஒருநாள் மாலை ஒரு குழாய் வேலைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். கையில் அடி பிய்ந்த பை. கம்பியால் அதைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"இது எங்க பை இல்லைங்க" என்றாள் அம்மா.

அவர் சண்டைக்கு வரவில்லை. "அப்படியாம்மா? பேரைப் பார்த்து ஏமாந்துட்டேன்" என்று மட்டும் சொல்லித் திரும்பினார். அந்தக் கம்பி அவர் விரலைக் கிழித்திருந்ததை வாயாடி பார்த்தாள்.

"அம்மா, தைச்சுக் குடும்மா."

"எவனோ செஞ்ச கோளாறை நான் எதுக்குடி தைக்கணும்?"

"அவர் நாளைக்கு வேலைக்குப் போகணும்ல? அதுவும் இல்லாம, அதுல நம்ம பேரு இருக்கு."

அம்மா எழுந்து வாசலுக்குப் போனாள். "அண்ணே, நில்லுங்க" என்றாள்.

பையைப் புரட்டிப் பார்த்த அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. வார் ஒரே ஒரு வரித் தையலில் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் ஒட்டுத்துணிகூட இல்லை. அம்மா தடித்த நூலைக் கோத்தாள். வாரின் முனையில் சுற்றிலும் ஒரு கட்டம் போட்டுத் தைத்தாள், நடுவில் பெருக்கல் குறி போல இன்னொரு தையல். அடியில் இரட்டைத் துணி. மெஷின் கடகடவென ஓட, அம்மாவின் விரல்கள் கித்தானை ஒரு பூனைக்குட்டியைப் போலத் திருப்பித் திருப்பிக் கொடுத்தன. கடைசியில் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, வாரை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். வார் அசையவில்லை, நாற்காலிதான் நகர்ந்தது.

குழாய் வேலைக்காரர் வாயைப் பிளந்தார். "எறும்பு இல்லம்மா இது, யானை!"

அன்றிலிருந்து வாயாடி பதிலை மாற்றினாள். 'அது எங்கள் பை இல்லை. ஆனாலும் கொண்டு வாருங்கள், அம்மா தைத்துத் தருவாள்.' எந்தப் பையில் எங்கே பிய்ந்தது என்று அம்மாவிடம் சொல்ல, ஒவ்வொரு திட்டையும் இரண்டு முறை கேட்டுக்கொள்வாள்.

"திட்டினவனுக்கெல்லாம் வேலை செஞ்சு குடுக்கிற ஒரே கடை உலகத்துலேயே நம்ம கடைதான்" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்ட கையாலேயே நூற்கண்டையும் எடுத்துக் கொடுத்தார்.

பெரிய இடி பிறகுதான் விழுந்தது. பெயர்ப் பதிவு அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. 'எறும்புப் பை' என்ற பெயரைத் தங்கள் பெயரில் பதிந்து கொடுக்கும்படி அந்த இன்னொரு கடை கேட்டிருக்கிறது. பதிந்துவிட்டால், அம்மா அந்தப் பெயரில் இனி ஒரு பைகூட விற்க முடியாது.

"பேரு வெச்சா போதாதா? பதிய வேற செய்யணுமா?" என்று திகைத்தாள் அம்மா.

"புள்ளைக்குப் பேரு வெச்சு ஓடிப் போய்ப் பதிஞ்சோமே. கடைக்குப் பதியணும்னு நம்ம மூணு பேருக்குமே தோணலையே அக்கா!"

அம்மா மெஷினை மூடி வைத்தாள். "பேரு போச்சுன்னா யாரு தேடி வருவாங்க? ஆலையில ஆள் எடுக்கிறாங்களான்னு கேட்டுப் பாருடா" என்றாள் தம்பியிடம். வாயாடிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா நினைவுக்கு வந்தாள்.

விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். பெயர் உங்களுடையதுதான் என்பதற்கு ஆதாரம் கொண்டுவர வேண்டும். வாயாடி பழைய வாடிக்கையாளர்களுக்கெல்லாம், 'எங்கள் பையைப் பற்றி நாலு வார்த்தை எழுதுங்கள்' என்று செய்தி அனுப்பினாள். வேலைக்குப் போய் அலுத்து வருகிறவர்கள் எங்கே எழுதுவார்கள்? சிலர் கட்டைவிரல் படம் அனுப்பினார்கள். ஓர் எலக்ட்ரீஷியன் 'ம்' என்று எழுதியிருந்தார்.

"அந்த 'ம்'மைப் பெருசா அச்சடிச்சு எடுத்துட்டுப் போவோமா?" என்றார் மாமா.

அப்போது போன் அடித்தது. புதிய திட்டு. ஒரு தச்சர், உளி விழுந்து செருப்பில் ஓட்டை விழுந்த கதையை முழங்கினார்.

வாயாடி அதைப் போனில் பதிவு செய்துகொண்டே பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "ஐயா, நீங்க அந்தக் கடையில வாங்கிட்டு எங்களை ஏன் திட்டுறீங்க? எங்க நம்பர் யார் குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"இதென்ன கேள்வி? கூட வேலை செய்யற எல்லாரும்தான் குடுத்தாங்க. எறும்புப் பைன்னா அந்தத் தையக்கார அக்காதான்னு எங்களுக்குத் தெரியாதா? அதை நம்பித்தானே வாங்கினேன்!"

வாயாடி துள்ளி எழுந்தாள். "அம்மா! ஆதாரம் கிடைச்சிடுச்சு!"

அலுவலகத்தில், அந்தக் கடைக்காரர் மடிப்புக் கலையாத சட்டையோடு வந்திருந்தார். தடித்த கோப்பு ஒன்றை மேஜை மேல் வைத்தார்.

"அவங்க எங்களுக்கு முந்தி ஆரம்பிச்சிருக்கலாம் மேடம். ஆனா வீட்டு மூலையில உட்கார்ந்து தைக்கிறாங்க, யாருக்குத் தெரியும்? எங்க விளம்பரத்தாலதான் இந்தப் பேரே வெளிய தெரிஞ்சுது. இவ்வளவு பை வித்திருக்கோம், ஒருத்தர்கூட எங்ககிட்ட குறை சொன்னதில்ல."

அதிகாரி அம்மா பக்கம் திரும்பினார். "இந்தப் பேரைக் கேட்டா ஜனங்களுக்கு உங்க நினைப்புதான் வரும்ங்கறதுக்கு ஏதாவது இருக்கா?"

"இருக்கு மேடம்" என்று அம்மா தயங்கினாள். "ஆனா... எல்லாமே திட்டு."

அதிகாரியின் மூக்குக்கண்ணாடி ஒரு விரல் மேலே ஏறியது. "திட்டா?"

வாயாடி போனை மேஜை மேல் வைத்து அழுத்தினாள். பச்சை பெயின்ட் கதை அறை முழுதும் ஒலித்தது. அடுத்து மண்வெட்டி. அடுத்து உளி. பக்கத்து மேஜை எழுத்தர் சிரிப்பை மறைக்கக் கோப்புக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"இவங்கல்லாம் எங்க வாங்கினாங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"இந்த அங்கிள் கடையில."

"திட்டு மட்டும் உங்களுக்கா? நீங்க என்ன செஞ்சீங்க?"

"அம்மா தைச்சுக் குடுத்தா. இதையும் கேளுங்க மேடம்."

பெயின்டரின் குரல் மறுபடி வந்தது. "தங்கச்சி, அம்மாகிட்ட சொல்லிடு. இப்ப வாரைப் பிடிச்சு நானே தொங்கலாம் போல இருக்கு!"

இரண்டு கடைக்காரர்களும் கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்த பைகளை அதிகாரி கையில் எடுத்தார். அந்தக் கடைக்காரருடையதை இழுத்தார், நூல் பிரிந்து வந்தது. அம்மா தைத்ததை இழுத்தார். இன்னும் பலமாக இழுத்தார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு அம்மாவை ஒரு முறை நன்றாகப் பார்த்தார்.

"சார்" என்றார் கடைக்காரரிடம், "குறையே வரலைன்னு சொன்னீங்க. வாஸ்தவம்தான். திட்டுறதுக்குக்கூட ஜனங்க உங்களைத் தேடலையே. பேருக்குச் சொந்தக்காரங்க யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

கடைக்காரர் கோப்பைத் திறந்தார், மூடினார்.

சில நாட்களில் கடிதம் வந்தது. பெயர் அம்மாவுக்கே என்று பதிந்திருந்தார்கள். மற்றக் கடை அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டும். மாமா அதைச் சத்தமாக வாசித்தார். அக்கம்பக்கத்துக்குக் கேட்கவில்லையோ என்று ஜன்னலைத் திறந்துவிட்டு இன்னொரு முறை வாசித்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷினைத் திறந்தாள்.

போன் அடித்தது.

"பணம் கட்டி எத்தனை நாளாச்சு? பை எங்க? எறும்பு முதுகுல ஏத்தி அனுப்பியிருக்கீங்களா?" என்று ஒரு கொத்தனார் குரல் பதிவில் கொதித்தார்.

வாயாடி மாமாவைப் பார்த்தாள். மாமா மெதுவாகக் குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை இழுத்தார்.

"இது... நம்ம திட்டுதான்" என்று அசடு வழிந்தார்.

அம்மா சிரித்த சிரிப்பில் மெஷினே நின்றுவிட்டது. வாயாடி போனை எடுத்து உற்சாகமாகப் பதில் எழுதினாள்: 'சரியான இடத்தில்தான் திட்டுகிறீர்கள், ஐயா. மாமா இதோ கிளம்பிவிட்டார்.'