தண்ணீர் விதி

நிலவூரில் காலையில் எழுந்ததும் யாரும் நேராகக் குழாயைத் திறந்துவிட மாட்டார்கள். 'பச்சையா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார்கள். குழாய்க்கு மேலே ஒரு சின்ன விளக்கு இருக்கும். அது பச்சையாக எரிந்தால் குழாயை இன்றைக்குச் சோதித்தாகிவிட்டது, தண்ணீர்தான் வரும், வேறெதுவும் வராது என்று அர்த்தம். மின்தூக்கிக்கும் அதே விளக்கு, கழிப்பறைக்கும் அதே விளக்கு. அவசரத்தில் ஓடுகிறவன் பாடு திண்டாட்டம்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஊர்மூளை. நிலாத் தரைக்கு அடியில் இருக்கும் அந்த ஊரின் காற்று, நீர், கதவு அனைத்தையும் ஓட்டும் இயங்குதளத்துக்கு அதுதான் பெயர். அது தன்னைத் தானே திருத்தி எழுதிக்கொள்ளும். நேற்று இருந்த ஊர்மூளை இன்று இருக்காது. மனிதர்களுக்கு அந்தப் புத்தி இருந்தால் தேவலை. ஆனால் திருந்திய பிறகு சரியாகத்தான் திருந்தியிருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டுமே, அதற்காகச் சோதகம் என்று இன்னொன்றைச் செய்தார்கள். ஊர்மூளையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனியாகச் சோதிப்பது அதன் வேலை. சோதகம் இட்ட கட்டளைக்கு ஊர்மூளை மறுபேச்சு பேசாது.

மரகதவல்லி சோதகப் பிரிவில் வேலை பார்த்தாள். உட்கார்ந்த இடத்தில் உட்காராத பிறவி. சாப்பிடும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். இந்த வாரம் அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை, மேற்குக் கதவு அவளைப் படுத்தியது.

மேற்குக் கதவு என்று பெயர்தான் ஒன்று, இருப்பது இரண்டு. உள்கதவு, வெளிக்கதவு, நடுவில் ஒரு சின்ன இடையறை. வெளியே போகிறவர்கள் உள்கதவைச் சாத்தி, காற்றை வெளியேற்றிவிட்டு வெளிக்கதவைத் திறப்பார்கள். திரும்பி வரும்போது அதையே தலைகீழாகச் செய்வார்கள். அவளுடைய தம்பி செங்கோடன் சூரியத் தகடுகளில் தூசி தட்டும் வேலைக்காக நாள் முழுக்க அந்த வழியாகத்தான் போய் வந்தான். அம்மா அப்பா இல்லாத வீட்டில் இவள் தூக்கி வளர்த்த பிள்ளை. அந்தக் கதவின் சோதனை பச்சை காட்ட நாளுக்கு நாள் நேரமாகிக்கொண்டே போனது. ஏன் என்று தோண்டிப் பார்த்தவளுக்குப் பகீர் என்றது.

சோதனை தொடங்கிய இடத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. ஒரு முறை அல்ல, பல முறை. விழுந்த கணக்கு எங்கேயும் பதிவாகவில்லை. சோதகத்தின் அடிமடியில் 'தண்ணீர் விதி' என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. தொடக்கத்திலேயே தோற்றால் அது தோல்வியில் சேராது, அப்படியே விட்டுவிடு, ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம் பொறு, மறுபடி முதலிலிருந்து தொடங்கு. இதுதான் விதி. எழுதியவர் பிரிவுத் தலைவர் நாச்சிமுத்து.

அவள் அவரிடம் நேராகப் போய் இது என்ன கூத்து என்று கேட்டாள். நாச்சிமுத்து சிரித்தார். சத்தம் போட்டுப் பேசாத, பழகுவதற்கு நல்ல மனிதர்.

"நம்மூர்ல வெளிய கெளம்பறப்ப தடை வந்தா என்ன பண்ணுவோம்? உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போட்டு மறுக்காக் கெளம்புவோமில்ல. அதேதான் கண்ணு. அதத் தொடாத."

"முதல் கோணல் முற்றும் கோணல்னும் நம்மூர்லதானுங்கண்ணா சொல்லுவாங்க" என்றாள் மரகதவல்லி.

நாச்சிமுத்து கூட்டம் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பூமியை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் சகுனத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்களே என்று மனதுக்குள் திட்டினாள். ஊர்மூளை கதவுக்கென்று எழுதிய புதுத் திருத்தம் அன்று பிற்பகல் நடைமுறைக்கு வர இருந்தது. ஏற்கெனவே தடுமாறும் கதவு, மறைத்து வைத்த தோல்வி, அதன் வழியாகப் போய் வருகிற தம்பி. அவளால் பொறுக்க முடியவில்லை. தண்ணீர் விதியை நீக்கினாள். சோதனையை ஓட்டினாள்.

சிவப்பு விழுந்தது. 'தொடக்கத்தில் தோல்வி' என்று திரை முதல் முறையாக உண்மையைச் சொன்னது. அவளுக்கு உள்ளூர ஒரு திருப்தி. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தாள். அடுத்த வரி வந்தது.

'கலைப்பு முடிந்தது. வெளிக்கதவு திறக்கப்பட்டது.'

எந்த வெளிக்கதவு என்று அவளுக்குப் புரிவதற்குள் ஊர் முழுக்கச் சங்கு ஊதியது.

நடந்தது இதுதான். சோதகம் எந்தக் கதவையும் நேரடியாகச் சோதிக்காது. நிஜக் கதவின் இணைப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பாவனைக் கதவை மாட்டி, அதைப் பூட்டும். அது முன்னேற்பாடு. வென்றாலும் தோற்றாலும் சோதனை முடிந்ததும் பூட்டியதைத் திறந்து, இருந்தபடி வைக்கும். அது கலைப்பு. இடையறையில் ஆள் இருக்கும் நேரத்தில் நிஜக் கதவு இணைப்பை விட்டுக்கொடுக்காது. அதனால் முன்னேற்பாடு விழும். பாவனைக் கதவு மாட்டப்படவே இல்லை என்பது கலைப்புக்குத் தெரியாது. மாட்டாததைக் கழற்றுகிறேன் என்று அது நிஜக் கதவைத் திறந்துவிடும். தண்ணீர் விதி இருந்தவரை கலைப்பு நடக்கவில்லை. சோதகம் பேசாமல் காத்திருந்தது. ஆள் இடையறையை விட்டுப் போன பிறகு மறுபடி தொடங்கியது. இந்த மாதம் தூசி அதிகம் என்று ஆட்கள் அடிக்கடி போய் வந்தார்கள், அதனால்தான் பச்சை தாமதமானது.

செங்கோடன் வேலை முடிந்து, தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்கதவு திறக்கக் காத்திருந்தான்.

அடக்கம் முடிந்த பிறகு நாச்சிமுத்து அவளைத் தேடி வந்தார். தானாகவே சொன்னார். வருடங்களுக்கு முன் இதே போல் ஒரு முறை கதவு திறந்துகொண்டதாம். அன்று உள்ளே இருந்தவன் கவசத்தோடு இருந்ததால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அப்போது போட்டதுதான் அந்த விதி.

"காரணத்தையும் சேத்துத்தான் எழுதி வெச்சேன் கண்ணு. எவனும் படிக்கல. வர்றவன் போறவனெல்லாம் அதை எடுக்கப் பாத்தான். காரணத்த அழிச்சுப்போட்டு சகுனம்னு பேர் வெச்சேன், அப்புறம் ஒருத்தனும் தொடல."

"நான் கேட்டப்ப சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

சொல்லியிருந்தால் அவள் முழுதாகச் சரிசெய்யச் சொல்லியிருப்பாள் என்றார் அவர். சரிசெய்கிற வரை சோதனை நிற்கும், சோதனை நின்றால் ஊரில் எந்த விளக்கும் பச்சை காட்டாது, மேலிடம் தன்னைக் கேட்கும் என்றார். சொல்லிவிட்டு அழுதார். அவள் அழவில்லை. அவர் முகத்தில் அறைய வேண்டும் போல் இருந்தது, அதைவிடத் தன்னை அறைந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது.

சோதனையை நிறுத்தி, விளக்கெல்லாம் அணைந்து கிடக்க, ஊரே பயந்து பயந்து தண்ணீர் குடித்த நாட்களில் அவள் சோதகத்தைத் திருத்தி எழுதினாள். இனி முன்னேற்பாட்டில் எதைச் செய்தோமோ அதை மட்டுமே கலைப்பு கலைக்கும். தொடக்கத் தோல்வி ஒன்று விடாமல் பதிவாகும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி வைத்தாள். இடையறையில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கும் வரி அது. அதற்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. 'செங்கோடன் உள்ளே இருக்கிறானா' என்று வைத்தாள். நடந்த கதையையும் காரணத்தையும் விலாவாரியாக எழுதிச் சேர்த்தாள்.

வருடங்கள் போயின. நாச்சிமுத்து பூமிக்குத் திரும்பிவிட்டார். மரகதவல்லி பிரிவுத் தலைவி ஆனாள். கதவுச் சோதனைக்கு முன் சோதகர்கள் திரையில் திருநீறு வைப்பதை அவள் முதலில் கவனிக்கவில்லை. கவனித்தபோது கொஞ்சம் காரப்பொரியும் சேர்ந்திருந்தது. யாரென்று தெரியாத செங்கோடன் சாமி கதவைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். நாலு முறை சத்தம் போட்டுப் பார்த்தாள். பொரி மேசை மாறியதே தவிர நிற்கவில்லை.

புதிதாகச் சேர்ந்த பூந்தளிர் என்ற பெண் ஒருநாள் அவள் முன்னால் வந்து நின்றாள். நிற்கவும் முடியாமல், கால் மாற்றி மாற்றி நின்றாள்.

"அக்கா, சாமி பேரைக் கொண்டாந்து சோதனைக்குள்ள வெச்சிருக்காங்க. அந்த வரியால நேரந்தான் வீணாகுது. எடுத்துரட்டுங்களா?"

காரணம் எழுதியிருப்பதைப் படித்தாயா என்று மரகதவல்லி கேட்டாள். ரொம்ப நீளமாக இருந்தது என்றாள் பூந்தளிர்.

மரகதவல்லி அந்தப் பெண்ணை உட்கார வைத்தாள்.

"அது சாமி இல்ல கண்ணு. என் தம்பி. அக்கா நாந்தான் கதவத் தெறந்து கொன்னேன்."

ஆரம்பத்திலிருந்து அத்தனையும் சொன்னாள். முன்னேற்பாடு, கலைப்பு, தண்ணீர் விதி, கக்கத்தில் இருந்த தலைக்கவசம், ஒன்றையும் விடவில்லை. பூந்தளிர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கேட்டதை வெளியே போய் எல்லோரிடமும் சொன்னாள். அதற்கு மேல் அந்த வரியை எடுக்கிற பேச்சே பிரிவில் எழவில்லை.

மறுநாள் மரகதவல்லி வேலைக்கு வந்தபோது, நடைவழியில் நின்ற சோதகர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார்கள். காலணியைக் கழற்றியிருந்தார்கள். கூடப்பிறந்தவள் கையாலேயே உயிர் விட்ட சாமி, அதற்கு வலு அதிகம் என்று ஒருவன் இன்னொருவனிடம் மெல்லச் சொன்னான். பூந்தளிர்தான் முன்னால் வந்து, தலையைக் குனிந்து, அவளைப் பார்த்துக் கைகூப்பினாள்.