போயிட்டு வாங்க

அன்று பிற்பகல் அந்த வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, பாப்பா, வந்திருந்த மாப்பிள்ளை. வேறு யாரும் இல்லை. மெத்தை தைப்பவர் உடம்பு முடியவில்லை என்று வரவில்லை. வீட்டின் முன்பக்கத்து மெத்தைக் கடையின் ஷட்டரை மதியமே இறக்கி, உள்ளே பூட்டியாகிவிட்டது. பாப்பா என்றால் குழந்தை அல்ல, அந்த வீட்டின் கடைசிப் பெண். கல்யாணமாகிப் போனவள், ஓய்வுக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். ஓய்வுக்காக என்றுதான் அப்பா தெருவில் சொல்லியிருந்தார். அப்பா ஒன்றைச் சொன்னால் அதற்கு மேல் அந்தத் தெருவில் யாரும் கேட்பதில்லை.

மாப்பிள்ளை சொல்லிக்கொண்டு போய்விட்டார். அவருடைய புதினா மிட்டாய் வாசனை மட்டும் போகவில்லை.

அவர் வாயில் எப்போதும் ஒரு மிட்டாய் இருக்கும். பேசாதபோது அதைப் பல்லில் தட்டிக்கொண்டிருப்பார். கடக், கடக் என்று ஒரு சின்னச் சத்தம். ஆள் எழுந்து போனதும் அந்த வாசனை பஞ்சு மணத்திலும் காபி மணத்திலும் கரைந்துவிட வேண்டும். கூடத்தின் கோடியில், குடோன் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்த பாப்பா, அது கரையாமல், கதவின் அடியிலிருந்து வரும் குளிர்ந்த காற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவருவதை, வேறு யாருக்கோ நடப்பதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர் குறை சொல்ல இடம் வைக்கவில்லை. அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தார். அண்ணன் புதிதாகப் பிடித்த விடுதி ஆர்டரைப் பாராட்டினார். பெண்ணை எப்போது அனுப்புகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிலேயே அப்பாவுக்கு அவர்மேல் மதிப்புக் கூடிவிட்டது. பாப்பாவை ஒரே ஒரு தடவை பார்த்து, "நல்லா தூங்குறியா?" என்றார்.

அண்ணன் சிரித்தான். "மெத்தைக்கடைக்காரன் வீட்ல தூக்கத்துக்கா பஞ்சம் மாப்ள?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை பாப்பாவை அடித்ததில்லை. அடித்திருந்தால் வெளியே சொல்ல ஒரு வார்த்தையாவது இருந்திருக்கும். அவர் ஒளிந்துகொள்வார். வேலைக்குக் கிளம்பி, வாசல் கதவு சாத்தும் சத்தமும் கேட்டபிறகு, வீட்டுக்குள்ளேயே எங்கோ நின்றுகொண்டிருப்பார். திரைச்சீலைக்குப் பின்னால். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில். அவள் சமைத்து, துணி மடித்து, தன்பாட்டில் ஏதோ முணுமுணுக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு வெளியே வந்து, "பயந்துட்டியா?" என்பார். கடைசித் தடவை வந்தபோது கையில் தலையணை இருந்தது. அதை அவள் முகத்தில் வைத்து அழுத்தி, அவள் கால் உதறுவது நின்றபிறகு எடுத்து, அப்போதும் அதையேதான் கேட்டார்.

ஒளிந்துகொள்வதை அம்மாவிடம் சொன்னாள். "கட்டினவகூட கண்ணாமூச்சி ஆடுற புருஷன் யாருக்குடி கிடைப்பான்?" என்று சிரித்த அம்மா, சிரிப்பை முடிக்காமலே அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். தலையணையைப் பற்றி அண்ணியிடம் மட்டும் சொன்னாள்.  அன்றிலிருந்து அண்ணி பாப்பாவின் அறையில்தான் வந்து படுத்தாள்.

கிளம்பும்போது மாப்பிள்ளை எழுந்து நின்று ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டார். "வரேன் மாமா. வரேன் அத்தை. வரேன் மச்சான். வரேங்க்கா." கிளம்புகிறவர் வாயில் போகிறேன் என்ற சொல் வரக் கூடாது, வருகிறேன் என்பதுதான் மரியாதை. எல்லோரும் எழுந்து, "போயிட்டு வாங்க" என்றார்கள். கடைசியாகப் பாப்பாவின் முன்னால் வந்து, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், "வரேன்" என்றார்.

மற்றவர்கள் காதில் அது விடைபெறும் சொல்லாக விழுந்தது. அவள் காதில் அந்தச் சொல்லாகவே விழுந்தது.  முழங்கைக்குக் கீழே மயிர் எழுந்து நின்றதை அவள் குனிந்து பார்த்தாள்.

"மாப்பிள்ளை சொல்லிக்கிறார்ல?" என்றார் அப்பா. "பதில் சொல்லும்மா."

அவள் வாயைத் திறந்தாள். 'போயிட்டு' என்பது வரவில்லை.

"வாங்க," என்றாள்.

மிட்டாய் ஒரு தடவை பல்லில் தட்டியது. "சரி," என்றார் அவர்.

அப்பா தலையசைத்தார். அந்த வீட்டுக்கு வந்தவர் யாரும் முகம் வாடித் திரும்பியதில்லை, அன்றும் திரும்பவில்லை.

மழை பெய்துகொண்டிருந்தது. பக்கவாசல் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதால், குடோன் வழியாகக் கடைக்குப் போய், முன்பக்கமாக வெளியேறுவதாகச் சொன்னார். அண்ணன் எழப் பார்த்தான். "உட்காருங்க மச்சான், நான் என்ன வெளியாளா?" என்றார்.

"சாவி ஷட்டர் பக்கத்து ஆணியில இருக்கு மாப்ள. தொறந்துட்டு ஷட்டரை இறக்கிவிட்டுடுங்க. நான் அப்புறமா வந்து பூட்டிக்கறேன்."

குடோன் கதவு மூடியது. கூடத்தில் பேச்சு தொடர்ந்தது. பாப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஷட்டர் துருப்பிடித்த பழைய ஷட்டர்; ஏற்றினாலும் இறக்கினாலும் பாத்திரக்கடை சரிந்தது போலச் சத்தம் போடும். சின்ன வயதில் அந்தச் சத்தத்தில்தான் தினமும் கண்விழிப்பாள். அது கேட்கவில்லை. மழை கேட்டது. அம்மா கரண்டியைக் கழுவுவது கேட்டது. அப்பா தொண்டையைச் செருமுவது கேட்டது. ஷட்டர் கேட்கவில்லை.

வாசனை கூடிக்கொண்டே வந்தது.

"அண்ணா, ஷட்டர் சத்தம் வரலையே."

"இந்த மழையில எங்கடி கேக்கும்?"

"ஏத்தினா கேட்டிருக்குமே."

"ஆரம்பிச்சுட்டா." அண்ணன் காலை நீட்டிக்கொண்டான். "உனக்குக் காத்தடிச்சாலும் ஆள், கதவாடினாலும் ஆள்."

மழை குறைந்தபோது வெளிச்சமும் குறைந்திருந்தது. அப்பா கேட்டார். "ஷட்டரைப் பூட்டினியாடா?"

"இதோ போறேம்ப்பா." போகவில்லை. "பாப்பா, நீதான் பக்கத்துல இருக்க. ஒரு எட்டு போயி பூட்டிட்டு வந்துடேன்."

"நான் போகல."

அப்படி அவள் சொல்லிப் பழக்கமில்லை. 

"ஏன், மெத்தை கடிச்சிடுமா?" என்றான் அண்ணன்.

"நீயும் வாயேண்ணா."

"நான் போறேன் மாமா," என்று அண்ணி எழுந்தாள்.

"நீ உட்காரும்மா." அப்பா குரலை உயர்த்தவில்லை. "பொறந்த வீட்டுக் குடோனுக்குள்ள போக ஒருத்திக்குத் துணை வேணுமா? நாளைக்கு வெளியில தெரிஞ்சா என்ன பேசுவாங்க? போயிட்டு வா."

பாப்பா பக்கவாசலைப் பார்த்தாள். தாழ்ப்பாள் நான்கு எட்டில்தான் இருந்தது. திறந்தால் சந்து. சந்துக்கு அப்பால் தெரு, ஆட்கள், விளக்குகள். வயிறு அந்தப் பக்கம் இழுத்தது. கால் விரல்கள்கூட அந்தப் பக்கமே திரும்பியிருந்தன. எழுந்து, நடந்து, தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள். இரும்பு ஈரமாக இருந்தது.

"நைட்டியோட எங்க கிளம்பிட்ட?" என்றாள் அம்மா.

கையை எடுத்தாள். இத்தனை பேர் ஒன்று நினைக்கிறார்கள், தன் வயிறு மட்டும் வேறு சொல்கிறது. வயிற்றுக்கு என்ன தெரியும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சொன்னபோது ஒன்றும் தோன்றவில்லை. பயம் இருக்க வேண்டிய இடம் மரத்துப்போயிருந்தது.

குடோன் கதவைத் திறந்தாள்.

குடோன் நீளமானது, அகலம் குறைவு. இரண்டு சுவர்களையும் ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேல் மெத்தைகள் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் அதனதன் பிளாஸ்டிக் உறைக்குள். நடுவில் ஒருவர் போகும் வழி. உள்ளே கால் வைத்தவுடன் மழைச் சத்தமும் கூடத்துப் பேச்சும் காதிலிருந்து யாரோ உருவி எடுத்தது போல நின்றுபோயின. பஞ்சு எல்லாவற்றையும் குடித்துவிடும். பசையின் நெடி, புது ரெக்சின் நெடி, தேங்காய்நார் மெத்தைகளின் மக்கிய மணம், இவற்றுக்கெல்லாம் மேலே, குளிர்ச்சியாக, சுத்தமாக, புதினா. மஞ்சள் பல்பு ஒன்று வழியின் நடுவில் தொங்கியது. அவள் தோள் உரசிய இடமெல்லாம் பிளாஸ்டிக் சரசரத்தது. நின்றாள். அதுவும் நின்றது. நடந்தாள். சரசரத்தது.

கொஞ்சம் பிந்தி நின்றது போலிருந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் குடோன் கதவு திறந்துதான் இருந்தது. அதன் வெளிச்சம் தரையில் ஒரு பட்டையாக அவள் குதிகால்வரை வந்தது. அதை மிதித்துக்கொண்டே கடைக்குப் போனாள்.

ஷட்டர் இறங்கியிருந்தது.

உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தாழ்ப்பாளில் பூட்டு தொங்கியது. இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது. உள்பக்கமிருந்து.

ஆணியைப் பார்த்தாள். சாவி இல்லை.

வெளியே போன ஒருவரால் உள்ளே பூட்ட முடியாது. இதை அவள் மெதுவாக, ஒரு கணக்கைச் சரிபார்ப்பது போல நினைத்தாள். நினைத்து முடித்தும் ஒன்றும் ஆகவில்லை. பூட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.  அது அவளுடையது போல இல்லை.

"பாப்பா, பூட்டிட்டியா?" தூரத்தில் அண்ணியின் குரல். பஞ்சுக்குள்ளிருந்து வருவது போல.

வாயைத் திறந்தாள்.

"கதவைச் சாத்து. தூசியெல்லாம் கூடத்துக்கு வருது." அது அப்பா.

தரையில் கிடந்த வெளிச்சப் பட்டை ஒடுங்கியது. நூலாயிற்று. மறைந்தது.

இனி அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

நடந்தாள். ஒரு மெத்தை. இன்னொரு மெத்தை. எல்லா உறைகளிலும் பல்பின் மஞ்சள். எல்லாம் மினுங்கின. எல்லாம் அசையாமல் நின்றன.

கடக்.

நின்றாள்.

இடப்பக்கம். கை நீட்டினால் எட்டும். இரண்டு மெத்தைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளியைவிடக் கொஞ்சம் கூடுதல். அதற்கு முன்னால் வெற்று உறை ஒன்று தொங்கியது. மெத்தை இல்லாத உறை. அதில், அவள் முகத்தின் உயரத்துக்குச் சற்று மேலே, ஒரு கை அகலத்துக்குப் பனி பூத்திருந்தது.

பார்த்துக்கொண்டிருந்தபோதே அது மறைந்தது.

உறை உள்ளே ஒட்டிக்கொண்டது. ஒரு வாயின் வடிவில்.

மறுபடி உப்பியது. மறுபடி பனி பூத்தது.

அலறல் கேட்டும் அந்த வீட்டில் யாரும் எழுந்து போகவில்லை என்று தெருவில் இன்றுவரை ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அவள் அலறவே இல்லை.