வெற்று வரி

அவள் எதையும் சேமிக்கவில்லை. ஆனாலும் சோதனை ஓடத் தொடங்கியது.

ராலித்சா கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஏதாவது ஒரு ஃபைலைத் திருத்திச் சேமித்தால்தான் முந்நூற்றுப் பன்னிரண்டு சோதனைகளும் தானாக ஓடும், அதுதான் ஏற்பாடு. கடைசியில் வருவது லின்ட். அது ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டிப் பார்க்காது, வரிவரியாகப் படித்துக் குறை மட்டும் சொல்லும். ஒரு குறை இருந்தாலும் சிவப்பு. சிவப்பு இருந்தால் புதிய பதிப்பு வெளியே போகாது. ஐந்து மணிக்குள் போகாவிட்டால் வாடிக்கையாளர் கைகழுவிவிடுவார். பிறகு ருசே நகரத்தில் இந்த அலுவலகமும் இல்லை, அவளுக்கு வேலையும் இல்லை.

மணி நாலேகால். ஞாயிற்றுக்கிழமை. டான்யூப்பிலிருந்து ஏறிவந்த மூடுபனி ஐந்தாம் மாடி ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்க, சூடேற்றும் குழாய் சுவருக்குள் எங்கோ முனகிக்கொண்டிருக்க, காலையில் பாதி தின்று வைத்த, பாலாடைக்கட்டி பொதிந்த பனிட்சாவின் சிக்கு வாசனை மேசையெல்லாம் பரவியிருந்தது. மூன்று வாரமாகச் சரியான தூக்கமில்லை. எழுந்துபோய் அதைக் குப்பையில் போடக்கூட அலுப்பாக இருந்தது.

திரையில் ஒரே ஒரு சிவப்பு. 'அறை' என்ற பெயரில் ஒரு ஃபைல். இரண்டாம் வரி: வெற்று வரியில் இடைவெளிகள் உள்ளன.

அப்படி ஒரு ஃபைலை அவள் பார்த்ததே இல்லை. திறந்தாள். ஒரு பட்டியல், வரிக்கு ஒன்று, அறைக் கதவிலிருந்து அவள் மேசை வரை இருக்கும் அதே வரிசையில். கதவு. கோட் ஸ்டாண்ட். ஃபிரிட்ஜ். கமெனின் நாற்காலி. ராலித்சா. கதவுக்கும் கோட் ஸ்டாண்டுக்கும் நடுவே ஒரு வெற்று வரி. பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதில் ஏதோ இருக்கிறது என்கிறது லின்ட்.

கூட வேலை செய்யும் கமெனை ஃபோனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"டேய், உசுரு போற நேரத்துல உனக்கு விளையாட்டா? என்னடா ஃபைல் இது?"

"நானா? மாமியார் வீட்டுல வெங்காயம் உரிச்சிட்டிருக்கேன் தாயே. பச்சை வந்துச்சா இல்லியா?"

"வெற்று வரியில இடைவெளி இருக்குன்னு லின்ட் கத்துது."

"இதுக்கா ஃபோன் பண்ணின? அழிச்சிட்டுப் போயேன்."

அழித்தாள். சேமித்தாள். மறுபடி சிவப்பு. மூன்றாம் வரி. இப்போது அது கோட் ஸ்டாண்டுக்குக் கீழே இருந்தது.

முதுகுக்குப் பின்னால், கோட் ஸ்டாண்டில் வெறும் கொக்கிகள் ஒன்றோடொன்று உரசின.

அவள் திரும்பவில்லை. கைகள் மடியில். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். சோதனை ஓடியது. நான்காம் வரி. ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் மெல்லப் பிரிந்து, மெல்ல ஒட்டிக்கொண்டது. பாதத்தில் குளிர்.

"கமென். நான் எதையும் தொடலை. அது நகருது."

"மூணு வாரம் தூங்காம இருந்தா சுவரே நகரும்டி. அந்த ஃபைலைப் பார்க்காதேன்னு லின்ட்டுக்கு ஒரு வரி எழுதிடு. எத்தனை தடவை எழுதியிருக்க! அனுப்பிட்டுப் போய்ப் படு."

எழுதியிருக்கிறாள். நூறு தடவை. குறையைத் திருத்த நேரமில்லாதபோது எல்லோரும் செய்வதுதான்.

வெளியே போகும் கதவு பின்னால். அந்த ஏதோ ஒன்று வந்த வழியும் அதுதான்.

சோதனை ஓடியது. ஐந்தாம் வரி. கமெனின் நாற்காலி மெத்தையிலிருந்து காற்று புஸ்ஸென்று இறங்கியது.

அதற்குக் கீழே ஒரே ஒரு பெயர்தான்.

எழுதினாள். விரல் மூன்று தடவை தவறியது. சேமித்தாள்.

பச்சை.

எல்லாம் பச்சை. பதிப்பு வெளியே போனது.

"போயிருச்சு!" அறிவிப்பைப் பார்த்துக் கமென் கத்தினான். "உன் வேலை தப்பிச்சுது ராலி, என் வேலையும்தான்! நாளைக்குக் குடிக்க ராக்கியா என் செலவு!" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

குழாய் முனகல் நின்றிருந்தது.

சோதனை ஓடியது.

அவள் தொடவில்லை.

பச்சை.

மறுபடி ஓடியது. பச்சை. மறுபடி. பச்சை.

ஓடுகிறது என்றால் நகர்கிறது. எங்கே என்று சொல்வதைத்தான் லின்ட் நிறுத்தியிருக்கிறது.

ஜன்னல் கண்ணாடி கறுத்துவிட்டது. அதில் அவள் முகம். பின்னால் காலி அறை. யாருமில்லை.

அவள் சட்டையின் இடது தோளில், துணி மெதுவாகக் குழிந்தது. ஒன்று. இரண்டு. ஐந்து இடத்தில்.